பாட்டு விற்ற கதை – 19: மெமரி கார்டில் ஏறிய திண்டுக்கல்

பெங்களூரைச் சேர்ந்த ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012 பிப்ரவரியில் 'ஃபிளைட்' என்ற பெயரில் இணையத்தில் ஒரு பாட்டுக் கடையைத் திறந்தது. வேண்டிய பாட்டைத் தேடி, காசு கட்டி, எம்பி3 கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பூட்டு எதுவும் கிடையாது. கணினியில் கேட்கலாம், கைப்பேசிக்கு மாற்றலாம், சிடியில் எழுதிக்கொள்ளலாம். விலை 6 ரூபாயில் தொடங்கியது. பெரிய இசை நிறுவனங்கள் பலவும் கையெழுத்திட்டிருந்தன. அத்தனையும் இருந்தும் கடை ஒன்றரை ஆண்டுகூட ஓடவில்லை. 2013 ஜூன் 17 அன்று விற்பனை நின்றது.

அதே ஆண்டுகளில் திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த செல்போன் கடைகளில் பாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்கள், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர்கள், வத்தலக்குண்டு, நத்தம் வழித்தடத்துத் தனியார் பேருந்து நடத்துநர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே வந்தார்கள். "அண்ணே, ரெண்டு ஜிபி கார்டு, புல்லா ஏத்திருங்க. ராஜா பாட்டு பாதி, புதுசு பாதி" என்று சொன்னால் போதும். கணினியில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்திருப்பார் கடைக்காரர். சாமி பாட்டு, சோகப் பாட்டு, குத்துப் பாட்டு, எம்.ஜி.ஆர். தத்துவம் என்று எல்லாம் இருக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும். 30 ரூபாயோ 50 ரூபாயோ, கடைக்குக் கடை மாறும்.

பதிவிறக்கம் செய்த பாட்டுக்கு இந்த ஊர்க்காரர் காசு கொடுத்தார். பெங்களூரில் அதையே விற்ற கடை மூடப்பட்டது. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இசை நிறுவனங்களின் டிஜிட்டல் வரலாற்றை எழுத முடியாது. 'நம்மூர்க்காரன் பாட்டுக்குக் காசு தர மாட்டான், திருடித்தான் கேட்பான்' என்று அந்த நாளில் பேசப்பட்ட பேச்சை நான் ஏற்பதில்லை. இந்தச் சமவெளியில் மூன்று தலைமுறையாக ஜனங்கள் பாட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காசு பாட்டை உருவாக்கியவர்களின் கைக்குப் போகும் வழியைத்தான் யாரும் ஒழுங்காகப் போடவில்லை.

முதலில் காசு கொடுத்தவர் மைக்செட்காரர். இசைத்தட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு கிராமபோன் வாங்கும் வசதி இந்த ஊர்களில் இல்லை. தோல் மண்டிக்காரர்கள், புகையிலை வியாபாரிகள், பூட்டுத் தொழிலில் தலையெடுத்த சில குடும்பங்கள் என்று வெகு சிலரிடம் இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் பாட்டுக் கேட்கச் செய்தது கல்யாண வீட்டு வாசலிலும் கோவில் திடலிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான். மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோவிலைச் சுற்றி எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் அதிரும். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் கூட்டத்துக்கு வழியெங்கும் டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் துணை. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் எந்தத் தெருவில் நின்றாலும் கேட்கும். இசைத்தட்டை விலைக்கு வாங்கியவர் ஒருவர், கேட்டவர்கள் ஆயிரம் பேர். கிராமபோன் கம்பெனிக்கு அது போதுமானதாக இருந்தது. கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய தட்டு விற்றுப்போனால் கணக்கு நேர். அதன் பிறகு அதை யார் எங்கே ஒலிக்கவிட்டார்கள் என்று கிராமம் கிராமமாகப் போய்ப் பார்க்க ஆளுமில்லை, அவசியமும் இல்லை.

கேசட் அந்தக் கணக்கைக் கலைத்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட் நாடா, எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களின் டூ-இன்-ஒன் பெட்டிகளோடு நம் ஊர்களுக்குள் வந்தது. எச்.எம்.வி. முத்திரையோடு ஒற்றை நிறுவனமாக ஆண்டுவந்த கிராமபோன் கம்பெனிக்கு எதிரே நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் முளைத்தன. வடக்கே குல்ஷன் குமாரின் டி-சீரிஸ், கேசட்டை மளிகைக் கடையிலும் பெட்டிக் கடையிலும் கிடைக்கச் செய்து விலையை இறக்கியது. தமிழ்ப் பாட்டுச் சந்தையில் எக்கோ, இன்ரெகோ போன்ற பெயர்கள் எழுந்தன. இளையராஜாவின் பாட்டுகள் அந்த அலையின் உச்சியில் ஏறி வந்தன. அவர் பிறந்த பண்ணைப்புரம் அப்போது பழைய மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. திண்டுக்கல்லும் 1985 செப்டம்பர் வரை அதே மாவட்டம்தான். எங்கள் மாவட்டத்துப் பையன் என்ற பெருமையோடு அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

கேசட்டோடு சேர்ந்து வந்த தொழில்தான் ரெக்கார்டிங் சென்டர். இந்தத் தொடரில் எழுதிய எந்தக் கடையைவிடவும் இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வாடிக்கையாளர் ஒரு காலி கேசட் வாங்குவார். 60 நிமிடமா 90 நிமிடமா என்று முடிவு செய்வார். கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார். ஏ பக்கம் ஆறோ ஏழோ, பி பக்கம் ஆறோ ஏழோ. கூடவே நான்கைந்து பாட்டு அதிகமாக எழுதுவது வழக்கம், ஏதாவது ஒன்று கடையில் இல்லாவிட்டால் அடுத்ததைப் போட்டுக்கொள்ளட்டும் என்று. இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். நல்ல கடைக்காரர் எல்பி தட்டிலிருந்து நேராகப் பதிவார், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சரியான இடைவெளி விடுவார், நாடா தீரும் இடத்தில் பாட்டு அறுந்துபோகாமல் நிமிடம் கூட்டிப் பார்ப்பார். அட்டையில் அழகான கையெழுத்தில் பெயர்களை எழுதித் தருவார். அந்தக் கையெழுத்துக்காகவே கடை தேடி வந்தவர்கள் உண்டு.

எந்த இசை நிறுவனமும் செய்யத் துணியாத காரியம் இது. நிறுவனம் ஒரு படத்தின் கேசட்டை முழுதாக விற்கும், அல்லது இரண்டு படங்களை இரண்டு பக்கத்தில் போட்டு விற்கும். பிடித்தது இரண்டு பாட்டுத்தான் என்றாலும் மொத்தத்துக்கும் விலை கொடுக்க வேண்டும். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பாட்டாகத் தேர்ந்தெடுக்கலாம். 2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, ஒரு பாட்டு 99 சென்ட் என்று தனித்தனியே விற்றபோது, உலகம் அதை இசை வணிகத்தின் பெரிய திருப்பம் என்று கொண்டாடியது. பாட்டைத் தனியே பொறுக்கி எடுத்துக் காசு கொடுக்கும் வழக்கம் திண்டுக்கல் கடைவீதிக்கு அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. குறை ஒன்றுதான். பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் தயாரித்தவருக்கும் அதில் ஒரு காசும் போகவில்லை. அதைச் சின்னக் குறை என்று நான் சொல்லவில்லை.

அரசு அதற்குச் சட்டத்தால் பதில் சொன்னது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. ஒலிப்பதிவை வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் உறையில் இருக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. போலி கேசட் அச்சடித்து விற்ற பெரிய கைகளைக் குறிவைத்த சட்டம் அது. பட்டியல் வாங்கிப் பதிவு செய்து தந்த சின்னக் கடைக்காரரும் அதே பிரிவின் கீழ்தான் வந்தார். இருவருக்கும் நடுவே வேறுபாடு உண்டு என்று பார்த்து, சின்னவருக்கு ஓர் உரிமம் கொடுத்து ஒரு கேசட்டுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வசூலித்திருந்தால் இன்றைக்கு நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் திடமான எண்ணம்.

கேசட் காலத்தைப் பேசும்போது இந்த ஊர்ப் பெயரையே முன்னொட்டாகக் கொண்ட ஒருவரை விட்டுவிட முடியாது. பள்ளி ஆசிரியராக இருந்த திண்டுக்கல் ஐ. லியோனியின் பட்டிமன்றங்கள் தொண்ணூறுகளில் கேசட்டாக வெளிவந்து தமிழ்நாடு முழுவதும் விற்றன. பழைய பாட்டா புதுப் பாட்டா என்று வாதம் போகும். வாதத்துக்குச் சான்றாக அவரே பாடிக் காட்டுவார். டீக்கடையிலும் பேருந்திலும் முடி திருத்தகத்திலும் சினிமாப் பாட்டுக்குச் சமமாக ஓடியது அந்தப் பேச்சு. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறக்காத ஒரு குரல் கேசட் என்ற மலிவான பொருளில் ஏறித் தமிழ் ஊர்கள் அத்தனைக்கும் போக முடிந்தது. இசைத்தட்டுக் காலத்தில் இது நடந்திருக்காது. பழனி அடிவாரத்துக் கடைகளில் பஞ்சாமிர்தத்துக்குப் பக்கத்திலேயே முருகன் பாட்டுக் கேசட்டுகளை அடுக்கி விற்றதும் இதே மலிவினால்தான். படம் வந்து மூன்று மாதத்தில் சினிமாக் கேசட்டின் விற்பனை படுத்துவிடும். பக்திக் கேசட் ஆண்டு முழுவதும் போகும், தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் கூடுதலாகப் போகும். பழைய பக்திப் பாட்டுகளைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள் பின்னாளில் எப்படிப் பிழைத்தன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே, காசே இல்லாமல் பாட்டு வந்துகொண்டிருந்தது. முதலில் இலங்கை வானொலி. பிறகு கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் கோடை பண்பலை. மலை உயரத்தில் நின்ற அந்தக் கோபுரத்தின் ஒலி கீழே சமவெளி முழுவதும், திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்டியும் தெளிவாகக் கேட்டது. நிலக்கோட்டைப் பூந்தோட்டத்தில் மல்லிகை பறிப்பவர் இடுப்பில் சின்ன ரேடியோ. சின்னாளபட்டியில் தறிச் சத்தத்தோடு போட்டி போடும் ரேடியோ. எப்போது எந்தப் பாட்டு வரும் என்பது மட்டும் கேட்பவர் கையில் இல்லை. நினைத்த நேரத்தில் நினைத்த பாட்டைக் கேட்பதற்குத்தான் கேசட்டுக்குக் காசு.

1995-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தார் தங்கள் ஒலிச் சுருக்க முறைக்கு எம்பி3 என்று கோப்புப் பெயர் முடிவு செய்தார்கள். 5 நிமிடப் பாட்டு ஏறக்குறைய 5 எம்பி அளவுக்குச் சுருங்கியது. ஒரு சிடியில் வழக்கமாக 15 பாட்டுப் பிடிக்கும். அதே சிடியில் எம்பி3-யாகப் போட்டால் 140-க்கு மேல். ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கேசட் வாங்கிச் சேர்த்தவருடைய அலமாரி ஒற்றைத் தகட்டுக்குள் அடங்கியது. ரெக்கார்டிங் சென்டர்கள் டெக்கை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கணினியும் சிடி ரைட்டரும் வாங்கின. வாங்க முடியாதவை மூடின. அந்தக் கையெழுத்துக் கலைஞர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மேல்நாட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூனில் நாப்ஸ்டர் வந்தது, பாட்டுகளை ஆளுக்கு ஆள் இலவசமாக மாற்றிக்கொண்டார்கள். நிறுவனங்கள் அந்த டிசம்பரிலேயே வழக்குத் தொடுத்து 2001 ஜூலையில் அதை நிறுத்தின. அதற்குப் பதிலாகத் தாங்களே பிரஸ்பிளே, மியூசிக்நெட் என்று இரண்டு சேவைகளைத் தொடங்கின. சோனியும் யுனிவர்சலும் ஒன்றில், மற்றவர்கள் இன்னொன்றில். பாதிப் பாட்டு இங்கே, பாதிப் பாட்டு அங்கே. இறக்கிய பாட்டை வெளியே எடுத்துப் போக ஆயிரம் தடை. யாரும் சீண்டவில்லை. பிறகு ஆப்பிள் வந்து எல்லா நிறுவனப் பாட்டையும் ஒரே கடையில், ஒரே விலையில், ஆனால் பூட்டோடு விற்றது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தப் பூட்டே வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார். இரண்டு மாதத்தில் இ.எம்.ஐ. இசை நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2009-இல் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். பதிலுக்கு நிறுவனங்கள் கேட்டு வாங்கியது விலையை ஏற்றி இறக்கும் உரிமை. 69, 99, 129 சென்ட் என்று மூன்று விலைகள் வந்தன. பத்து ஆண்டுச் சண்டைக்குப் பிறகு அவர்கள் கற்ற பாடம்: எல்லாப் பாட்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், வாங்கியதை வாங்கியவர் விருப்பப்படி வைத்துக்கொள்ள விட வேண்டும். ரெக்கார்டிங் சென்டரில் இந்த இரண்டும் முதல் நாளிலிருந்தே இருந்தன.

இந்தியாவில் டிஜிட்டல் காசு வேறு வாசல் வழியாக வந்தது. அது காலர் டியூன். தென்கொரியாவில் எஸ்.கே. டெலிகாம் 2002-இல் தொடங்கிய யோசனையை 2004-இல் ஏர்டெல் 'ஹலோ டியூன்ஸ்' என்று இங்கே கொண்டுவந்தது. பி.எஸ்.என்.எல்., ஏர்செல் எல்லாம் பின்னாலேயே வந்தன. பரவலாக இருந்த கட்டணம் மாதம் 30 ரூபாய் வாடகை, பாட்டுக்கு 15 ரூபாய். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாங்குபவர் தன் பாட்டைத் தான் கேட்கவே முடியாது. தன்னை அழைப்பவர் அரை நிமிடம் கேட்பார். அதற்கு 15 ரூபாய். முழுப் பாட்டை ஆயுசுக்கும் இறக்கி வைத்துக்கொள்ள 10 ரூபாய் தரத் தயங்கிய அதே ஊர் இதற்குக் காசு கொடுத்தது. காரணம் பாட்டின் மதிப்பைப் பற்றியதே அல்ல. காசு கட்டுவது எளிதாக இருந்தது, அவ்வளவுதான். வங்கி அட்டை வேண்டாம், கணினி வேண்டாம், பெயர் பதிவு வேண்டாம். அடுத்தவர் போனில் ஒலிக்கும் பாட்டுப் பிடித்திருந்தால் ஸ்டார் பொத்தானை அழுத்தினால் அது நம் போனுக்கு வந்துவிடும். பெட்டிக் கடையில் 10 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்த இருப்பிலிருந்து கழித்துக்கொள்வார்கள். நம் ஊரில் முதன்முதலாகச் சின்னக் காசைச் சிரமமில்லாமல் வசூலிக்கும் கருவி ஒன்று இசை நிறுவனங்களுக்குக் கிடைத்தது. அய்யப்பன் சீசனில் அய்யப்பன் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, காதல் தோற்றால் அதற்கொரு பாட்டு என்று ஜனங்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் கருவி நிறுவனங்களின் சொந்தக் கருவி அல்ல. வசூலில் பெரும்பங்கு தொலைபேசி நிறுவனத்துக்கு. அடுத்து ஆன்மொபைல், ஹங்காமா போன்ற இடைத்தரகு நிறுவனங்கள். மிச்சம்தான் இசை நிறுவனத்துக்கு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அந்த மிச்சத்தில் என்ன கண்டார்கள் என்பது தனி வேதனை. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகுதான், எதை எழுதி வாங்கிக்கொண்டாலும் ராயல்டி உரிமையைப் பறிக்க முடியாது என்ற பாதுகாப்பு அவர்களுக்குச் சட்டத்தில் கிடைத்தது. அதற்குள் காலர் டியூன் அலையின் உச்சி கடந்துபோயிருந்தது. கேட்காமலே பாட்டை ஏற்றிவிட்டுக் காசு பிடித்ததாக நாடு முழுவதும் புகார்கள் குவிந்தன. ஏழைகளின் 10 ரூபாய் ரீசார்ஜிலிருந்து போன காசு அது. இந்தத் தொழில் தன் வாடிக்கையாளருக்குச் செய்த மிகப் பெரிய துரோகம் என்று இதைத்தான் சொல்வேன். 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாடிக்கையாளர் இரண்டு முறை ஒப்புதல் தராமல் எந்தச் சேவையையும் தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கேட்டுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், கேட்காமல் பிடுங்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது அதன் பிறகு விழுந்த வருமானத்தில் தெரிந்துபோனது.

மெமரி கார்டு கடைக்கு வருவோம். 2 ஜிபி கார்டில் ஏறக்குறைய 400 பாட்டுப் பிடிக்கும். 40 ரூபாய்க்கு ஏற்றித் தந்தால் பாட்டுக்கு 10 காசு. ஃபிளைட்டிலும், 2012 டிசம்பர் 4 அன்று இந்தியாவுக்கு வந்த ஐடியூன்ஸிலும் ஒரு பாட்டு 10 ரூபாயை ஒட்டி. நூறு மடங்கு. விலை வேறுபாடு மட்டும் அல்ல, விற்கும் பொருளே மாறிவிட்டிருந்தது. கேசட் காலத்தில் பட்டியல் எழுதிப் பாட்டுப் பாட்டாக வாங்கிய ஊர், இப்போது கார்டு நிறைய வாங்கியது. 400 பாட்டையும் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. கடைக்காரர் தன் ரசனைக்கு நிரப்பினார். ஒருவகையில் அவர்தான் இந்தச் சமவெளியின் பாட்டு ரசனையைத் தீர்மானித்தார். நிறுவனங்களோ இன்னும் ஒற்றைப் பாட்டுக்கு விலை குறித்துக்கொண்டிருந்தன.

காவல்துறை நடவடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டம் என்று அறியப்படும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004-இல் திருட்டு வீடியோவையும் சேர்த்தார்கள். திரைப்படத்தோடு அதன் ஒலிப்பதிவையும் உள்ளடக்கி வரையறை எழுதப்பட்டது. விசாரணையில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். திருட்டு விசிடிக்காரர்களுக்கென்று வந்த இந்தச் சட்டத்தின் நிழல் பாட்டு ஏற்றும் கடை மேலும் விழுந்தது. சோதனை வருகிறது என்று தெரிந்தால் கணினியை மூடிவிட்டு, ரீசார்ஜ் மட்டும் என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் மறுபடி திறப்பார்கள்.

இதற்கு நடுவே ஓர் உருப்படியான முயற்சியும் நடந்தது. இந்திய இசைத் தொழில் சங்கம், சுருக்கமாக ஐ.எம்.ஐ., எம்எம்எக்ஸ் என்ற பெயரில் ஓர் உரிமத் திட்டம் கொண்டுவந்தது. விரித்தால் மொபைல் மியூசிக் எக்ஸ்சேஞ்ச். செல்போன் கடைக்காரர் கட்டணம் கட்டி உரிமம் பெற்றால், சங்கத்தைச் சேர்ந்த நிறுவனங்களின் பாட்டுகளை வாடிக்கையாளரின் கார்டில் சட்டப்படி ஏற்றித் தரலாம். திருடன் என்று துரத்தியவரை விற்பனையாளராக ஏற்றுக்கொண்ட யோசனை இது. எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டருக்குக் கொடுத்திருக்க வேண்டிய உரிமம் முப்பது ஆண்டு தாமதமாக வந்தது. இந்தத் தொடருக்காக நான் படித்தவற்றில், இசை நிறுவனங்கள் இந்நாட்டு வாடிக்கையாளரைச் சரியாகப் புரிந்துகொண்டு எடுத்த ஒரே டிஜிட்டல் முடிவு இதுதான் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு அதிலும் ஒரு சிக்கல். தமிழ்ப் படப் பாட்டுரிமை ஒரே இடத்தில் இல்லை. பழையவை, கிராமபோன் கம்பெனி பெயர் மாறிய சரிகமவிடம். எண்பதுகளின் பாட்டுகள் எக்கோ, இன்ரெகோ என்று பிரிந்து கிடந்தன. பிறகு வந்தவை லஹரி, பிரமிட், ஸ்டார், ஃபைவ் ஸ்டார், சோனி, திங்க் மியூசிக் என்று சிதறின. தென்னிந்திய நிறுவனங்கள் சென்னையில் சிம்கா என்று தனிச் சங்கம் வைத்திருந்தன. ஓர் உரிமம் வாங்கினால் கார்டில் பாதிதான் சட்டப்படி நிரம்பும். மீதிக்கு எங்கே போவது? கட்டணம் கட்டியும் குற்றவாளிதான் என்றால் யார் கட்டுவார்? பிரஸ்பிளேயும் மியூசிக்நெட்டும் செய்த அதே பிழை இங்கே வேறு உருவில் நடந்தது. வாடிக்கையாளர் எந்த நிறுவனப் பாட்டு என்று பார்த்துக் கேட்பதில்லை. அவருக்கு எல்லாம் ராஜா பாட்டு, அல்லது ரகுமான் பாட்டு.

ஃபிளைட் மூடியபோது அந்த நிறுவனத்தார் சொன்ன காரணங்கள் இரண்டு. இலவசமாகக் கிடைக்கும் திருட்டுப் பாட்டு ஒன்று. சின்னத் தொகையை எளிதாகக் கட்ட வழியில்லாதது மற்றொன்று. இரண்டாவதுதான் ஆழமானது. 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் வங்கி அட்டையைப் பயன்படுத்த இன்னொரு கடவுச்சொல்லும் கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்தது. பாதுகாப்புக்கு நல்ல விதி. ஆனால் 6 ரூபாய்ப் பாட்டுக்கு அட்டை எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று எண், பிறகு கடவுச்சொல், நடுவில் இணையம் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அன்றைய திண்டுக்கல்லில் வங்கி அட்டையை இணையத்தில் பயன்படுத்தியவர்களே சிலர்தான். இன்றைக்குப் பூக்கடையிலும் இளநீர்க் கடையிலும் ஸ்கேன் செய்து 10 ரூபாய் கட்டுகிறோம். யுபிஐ வந்தது 2016-இல். பாட்டை விற்கும் கடை மூடி மூன்று ஆண்டு கழித்துக் காசு கட்டும் வழி திறந்தது.

அதற்குள் நிறுவனங்கள் விற்பனையையே கைவிடத் தொடங்கியிருந்தன. 2011 நவம்பர் 16 அன்று சோனி நிறுவனம் தனுஷ் பாடி அனிருத் இசையமைத்த 'கொலவெறி' பாட்டை யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. அது உலகம் முழுவதும் ஓடிய கதை எல்லாருக்கும் தெரியும். நிறுவனங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட செய்தி: கேட்பவரிடம் வாங்க வேண்டாம், விளம்பரதாரரிடம் வாங்கிக்கொள்ளலாம். யூடியூப் மேல் 2007-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட டி-சீரிஸ், 2011-இல் சமரசம் செய்துகொண்டு அதிலேயே தன் பாட்டுகளை ஏற்றியது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து இணையத்தை இலவசமாக அள்ளிக் கொடுத்தபோது மெமரி கார்டு கடைக்காரரின் தொழில் சில மாதங்களில் சரிந்தது. சட்டமும் சோதனையும் செய்ய முடியாததை மலிவு டேட்டா செய்துவிட்டது. அந்தக் கடைகள் இப்போது டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகின்றன.

சரிகம நிறுவனம் 2017-இல் வேறு வழியில் போனது. பழைய டிரான்சிஸ்டர் வடிவத்தில் 'கார்வான்' என்ற பெட்டி. உள்ளே 5,000 பாட்டு, விலை 5,990 ரூபாய். இந்தியில் தொடங்கித் தமிழுக்கும் வந்தது. பாட்டுக்கு 1 ரூபாய் 20 காசு. இணையம் வேண்டாம், அட்டை எண் வேண்டாம், தேட வேண்டாம், குமிழைத் திருகினால் போதும். வயதான அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள் பிள்ளைகள். செல்போன் கடைக்காரர் செய்த அதே வேலைதான், முன்கூட்டியே நிரப்பிய கார்டு. இந்த முறை அதை நிரப்பியது உரிமையாளரே. பென் டிரைவ் செருகவும் அதில் இடம் வைத்திருந்தார்கள்.

கடைசியாக, பதிவிறக்கம் என்றால் விற்பனையா வாடகையா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. ஏர்டெல்லின் விங்க் செயலியோடு விலை ஒத்துவராமல் டிப்ஸ் இசை நிறுவனம் தன் பாட்டுகளைத் திரும்பக் கேட்டது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தரப்படும் சட்டப்பூர்வ உரிமம் தனக்கும் உண்டு என்றது விங்க். 2019 ஏப்ரல் 23 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கதாவாலா அதை மறுத்தார். காசு கட்டிப் பாட்டை நிரந்தரமாக இறக்கிக்கொள்வது விற்பனை. சந்தா இருக்கும் வரை மட்டும் செயலிக்குள் சேமித்துக் கேட்பது வாடகைக்கு விடுவது. இரண்டுமே ஒலிபரப்பு ஆகாது, உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றார். 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. 2024 ஆகஸ்டில் விங்க் செயலியையே மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. செயலிக்குள் சேமித்து வைத்த பாட்டுகளும் அதோடு போயின. ஃபிளைட்டில் 6 ரூபாய் கொடுத்து வாங்கியவரின் எம்பி3 இன்றும் அவருடையதுதான்.

எண்பதுகளில் கேசட்டுக்கென்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எம்பி3-க்கும் செல்லுமா என்று இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு அடுத்த இதழில்.